பேகம்பேட்டையும் பிரேஸிலும்: ஓர் இதயநோயின் வரலாறு



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிப்பவன் நான். புலவர்கள் எழுதும் மலரில் எனக்கென்ன வேலை என்று எண்ணினேன். பிறகு நான் அன்றாடம் கையாளும் ஒரு தாளே எனக்குப் பொருள் கொடுத்தது. ஊழியர்களை மருத்துவச் சோதனைக்கு அனுப்பும் மெமோத் தாள்தான் அது. அதைக் கையில் வாங்கும்போது பலரும் சொல்வது ஒன்றே: "எனக்கென்ன சார், நோயா நொடியா? நன்றாகத்தானே இருக்கிறேன்!"

வலி இல்லையேல் நோய் இல்லை என்னும் இந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை ஓர் இதயநோயின் வரலாறு நமக்கு எடுத்துக் காட்டுகிறது. அவ்வரலாற்றின் முதல் அத்தியாயம் நாம் வாழும் இந்நகரிலும், அடுத்த அத்தியாயம் கடல் கடந்த பிரேஸில் நாட்டில் ஒரு ரயில் பெட்டியிலும் எழுதப்பட்டது. ரயில்வேக் குடும்பத்தினராகிய நமக்கு இச்செய்தி தனிச்சுவை தருவதன்றோ?

ஐதராபாத்தில் எழுந்த இரு வினாக்கள்

இதயம் தானாகவே துடிக்கும் இயல்புடையது. ஆனால் அதன் வேகத்தை ஆள்பவை நரம்புகள். மூளையிலிருந்து இறங்கி வரும் 'வேகஸ்' என்னும் நரம்பைத் தூண்டினால் இதயத்தின் ஓட்டம் தளர்ந்து நின்றே போகும் என்பதை ஜெர்மானியச் சகோதரர்களான வேபர்கள் 1845இல் காட்டினர். அதற்கு ஈராண்டு கழித்து, 1847இல், குளோரோபாரம் என்னும் மயக்க மருந்து வழக்கத்துக்கு வந்தது. கத்தியின் வேதனையிலிருந்து மக்களை அது காத்தது. எனினும் மேசைமேல் படுத்த சிலர் எழுந்திருக்கவே இல்லை. முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று மருத்துவ உலகம் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது.

அவ்வழக்கை விசாரித்த நீதிமன்றம் நம் ஐதராபாத் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். இங்கே ரெஸிடென்ஸி சர்ஜனாக இருந்த எட்வர்டு லாரி, ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் பொருளுதவியோடு 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோபாரம் கமிஷன்களை நடத்தினார். இரண்டாவதில் கலந்துகொள்ள லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் பெரும் மருத்துவர் கப்பலேறி வந்தார். மூச்சே முதலில் நிற்கிறது, இதயத்துக்கு நேரான அபாயமில்லை என்பது கமிஷனின் தீர்ப்பு. ஆனால் 1911இல் லண்டனில் லெவி என்பவர் பூனைகளைக் கொண்டு ஆராய்ந்து, அரைகுறை மயக்கத்தில் இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று காட்டினார். ஐதராபாத்தின் தீர்ப்புத் திருத்தப்பட்டது. எனினும் இதயத்தை ஆளும் நரம்புகளைப் பற்றிய வினாவை உலகறிய எழுப்பிய பெருமை இந்நகருக்கு உண்டு.

இரண்டாவது வினா ஒட்டுண்ணியைப் பற்றியது. பேகம்பேட்டை இராணுவ மருத்துவமனையில் இருந்த ரொனால்டு ராஸ், ஒரு கொசுவுக்கு ஓரணா என்று கூலி கொடுத்து, உசேன்கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அக்கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு அதன் முழு வழியையும் காட்டினார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லாரியோ மலேரியாக் கிருமி என்று ஒன்று உண்டு என்பதையே ஏற்காதவர். இதயத்தை ஆராய்ந்தவரும் ஒட்டுண்ணியை ஆராய்ந்தவரும் ஒரே வட்டாரத்தில் பணிபுரிந்தும், இரு வினாக்களும் இங்கே ஒன்று சேரவில்லை. அவை சேர்ந்த இடம் பிரேஸில்.

ரயில் பெட்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று தெரிந்ததும் அதன் பயனை முதலில் நாடியவர்களுள் ரயில் பாதை போடுவோரும் இருந்தனர். பிரேஸில் மத்திய ரயில்வேயின் பாதை மினாஸ் ஜெராயிஸ் மாகாணத்தின் உள்நாட்டுக் காடுகளில் நீண்டுகொண்டிருந்தது. குளிர்காய்ச்சலால் கூலிகள் வீழ, வேலை தடைப்பட்டது. 1907இல் ஆஸ்வால்டோ குரூஸ் என்னும் பேரறிஞர் தம் சீடர் கார்லோஸ் ஷாகஸை அங்கு அனுப்பினார். ஷாகஸுக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

லஸ்ஸான்ஸ் என்னும் சிற்றூரில் அவருக்குக் கிடைத்த இருப்பிடம் ஒரு ரயில் பெட்டி. அதுவே அவருக்கு வீடு, அதுவே மருந்தகம், அதுவே ஆய்வுக்கூடம். பாதை போடும் எஞ்சினியர் கன்டரீனோ மோட்டா என்பவர் ஒருநாள் அவரிடம் ஒரு பூச்சியைக் காட்டினார். மூட்டைப்பூச்சியின் உறவினம், ஆனால் உருவில் பெரியது. மண்சுவர்க் குடிசைகளின் வெடிப்புகளில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து உறங்குவோர் முகத்தில் இரத்தம் குடிக்கும். முகத்தைத் தேடி வருவதால் அவ்வூரார் அதனை 'நாவிதன்' என்று அழைத்தனர்.

கொசுவைப் பற்றிய புதிய அறிவைப் பெற்றிருந்த ஷாகஸ், இரத்தம் குடிக்கும் பூச்சி நோயும் சுமக்கலாம் அன்றோ என்று எண்ணி அதன் குடலை ஆராய்ந்தார். சாட்டை போன்ற வாலுடைய நுண்ணுயிர்கள் நெளிவதைக் கண்டார். தம் ஆசானின் பெயரையே அவ்வொட்டுண்ணிக்கு 'டிரிப்பனஸோமா குரூஸி' என்று சூட்டினார். 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பெரெனிசி என்னும் இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்தில் அதனைக் கண்டார். நோயாளியைக் கண்டு, பிறகு கிருமியைத் தேடுவதே வழக்கம். ஷாகஸோ முதலில் பூச்சியையும், அடுத்துக் கிருமியையும், இறுதியில் நோயாளியையும் கண்டார். பூச்சி கடிப்பதால் அன்று, கடித்த இடத்தில் அது இடும் எச்சம் தோலின் கீறல் வழியாகவோ கண் வழியாகவோ உட்புகுவதால் நோய் தொற்றுகிறது என்பது சில ஆண்டுகள் கழித்துத் தெளிந்தது.

இதே 1909இல் நம் சென்னையிலும் ஒரு செய்தி உண்டு. காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமியை 1903இல் கண்டறிந்த சென்னை மருத்துவக் கல்லூரியின் சார்லஸ் டோனவன், அந்நோயைப் பரப்புவது எது என்று தேடும் முயற்சியில், இப்பூச்சிக் குலத்தையே சேர்ந்த ஓர் இந்தியப் பூச்சியை ஆராய்ந்தார். அதன் குடலிலும் ஷாகஸ் கண்டதன் உறவினமான ஒரு நுண்ணுயிர் இருந்தது. நல்வினைப் பயனாக, அது எலிகளோடு நின்றுவிடும் இனம். ஷாகஸ் நோயைப் பரப்பும் பூச்சியும் கிருமியும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை.

பிரேக்கும் ரெகுலேட்டரும்

இனி இதயத்துக்கு வருவோம். பழைய நீராவி எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று. பரிவு நரம்புகள் இதயத்துக்கு ரெகுலேட்டர். வேகஸ் நரம்பு பிரேக். நாம் படியேறினால் பிரேக் தளர்ந்து ரெகுலேட்டர் திறக்கும். படுத்தால் பிரேக் இறுகும். மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதும், வெளிவிடும்போது தளர்வதும் இந்தப் பிரேக்கின் நுட்பமான வேலையே. வேகஸ் நரம்பு இதயத்தை நேராகத் தொடுவதில்லை. இதயத்தின் மேலறைகளின்மேல் படிந்திருக்கும் சிறு நரம்பு முடிச்சுகளில் வந்து சேர்கிறது. அங்குள்ள நரம்பு அணுக்களே கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்கின்றன.

ஷாகஸ் கண்ட ஒட்டுண்ணி தசை அணுக்களுக்குள் புகுந்து கூடு கட்டும். உடல் அதனை எதிர்த்துப் போரிடும். போர்க்களத்துக்கு அருகில் குடியிருப்பவர் மாள்வதுபோல, அந்த நரம்பு முடிச்சுகளின் அணுக்களும் அழியும். மாண்ட நரம்பு அணு மீண்டும் முளைப்பதில்லை. முதல் சில வாரங்கள் காய்ச்சலும் வீக்கமும் தோன்றலாம், பலருக்கு அதுவுமில்லை. பிறகு நோய் மறைந்ததுபோல் இருக்கும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் மனிதன் உழுவான், சுமப்பான், பிள்ளை பெறுவான். தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு ஒருநாள் இதயம் வீங்கும். அல்லது துடிப்பைக் கடத்தும் பாதை அறுபடும். அல்லது நல்ல உடலோடு நடந்து செல்பவர் திடீரென வீழ்ந்து இறப்பார்.

ஷாகஸும் வில்லேலாவும் 1922இல் இந்நோயின் இதய வடிவத்தை விரிவாக எழுதினர். 1950களில் ஆஸ்திரியாவிலிருந்து பிரேஸிலின் ரிபெய்ராவோ பிரெட்டோ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ஃபிரிட்ஸ் கோபெர்லே என்பவர் ஒரு பொறுமையான வேலையைச் செய்தார். இந்நோயால் இறந்தோரின் இதயங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, முடிச்சுகளிலுள்ள நரம்பு அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். கணக்கெழுதுவோனாகிய எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு. அணுக்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்திருந்தது. இதே நோயாளிகளின் உணவுக்குழலும் பெருங்குடலும் பை போல விரிந்திருப்பதற்கும் இதே நரம்பழிவே காரணம் என்று அவர் காட்டினார்.

உயிரோடிருந்த நோயாளிகளிடமும் பின்வந்தோர் இதனைச் சோதித்தனர். எழுந்து நின்றால் உடனே விரைய வேண்டிய நாடி இவர்களிடம் சோம்பிக் கிடந்தது. இதயம் நின்றுவிடவில்லை, ஆனால் கட்டளைக்குச் செவிசாய்க்கவில்லை. நரம்பழிவே நோய் முழுவதற்கும் காரணம் என்ற கோபெர்லேயின் கொள்கையைப் பிற்காலத்தார் முழுமையாக ஏற்கவில்லை. நரம்பு மிகக் கெட்டும் தசை நன்றாயிருப்போரும், தசை மிகக் கெட்டும் நரம்பு ஓரளவு எஞ்சியிருப்போரும் உண்டு. தசையில் ஓயாது கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, நரம்பின் கட்டளையை ஏற்கும் வாயில்களையே தவறாகப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள், நரம்பழிவு ஆகிய எல்லாம் கூடியே இதயத்தைக் கெடுக்கின்றன என்பது இன்றைய துணிபு.

சிறுமி பெரெனிசி என்ன ஆனாள் என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். அவள் வளர்ந்து முதுமை வரை வாழ்ந்தாள். 1962இலும் 1978இலும் அவளது இரத்தத்திலிருந்து அதே ஒட்டுண்ணி மீண்டும் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அழையாத விருந்தாளியாக அது உடலில் தங்கியிருந்தது. அவளுடைய இதயத்தை அது கெடுக்காமல் விட்டது அவளது பேறு. இலட்சக்கணக்கானோருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

நமக்கு இதனால் ஆவது என்ன?

மண்சுவரைப் பூசி, வீடுதோறும் மருந்து தெளித்து, தானமாகப் பெறும் இரத்தத்தைச் சோதித்து, பிரேஸில் நாடு அந்நோயைப் பெரிதும் அடக்கிவிட்டது. முதன்மையான பூச்சியினத்தால் நோய் பரவுவது நின்றுவிட்டதென்று 2006இல் சான்று பெற்றது. எனினும் உலகில் இன்னும் சுமார் 70 லட்சம் பேர் உடலில் அவ்வொட்டுண்ணி உள்ளது. ஷாகஸ் அச்சிறுமியிடம் கிருமியைக் கண்ட ஏப்ரல் 14ஆம் நாளை 2020 முதல் உலகம் அந்நோயின் நினைவு நாளாகக் கொண்டாடுகிறது. நம் பேகம்பேட்டையில் ராஸ் கண்ட ஆகஸ்டு 20 கொசு நாளாக விளங்குவது போன்றதே இதுவும்.

இதற்கு மருந்து உண்டு. இளமையிலும் நோயின் தொடக்கத்திலும் கொடுத்தால் நன்கு பயன் தரும். ஆனால் இதயம் கெட்ட பிறகு கொடுத்தால், இரத்தத்தில் கிருமி குறைகிறதே அன்றி, இதயத்தின் சரிவு நிற்பதில்லை என்று 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இவ்வரலாறு முழுவதிலும் என் மனத்தை மிகவும் உறுத்திய செய்தி இதுவே. வலி வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

அது அமெரிக்க நோய், நமக்கென்ன என்று ஏட்டை மூடிவிடாதீர்கள். இதே நரம்புகளை ஓசையின்றி அரிக்கும் வேறொன்று நம் காலனியின் வீடுகளிலேயே இருக்கிறது. நீரிழிவுதான் அது. அங்கே கிருமி இல்லை. இரத்தத்தில் தேங்கிய சர்க்கரையே ஆண்டுக்கணக்கில் நரம்பைக் கெடுக்கிறது. அங்கும் முதலில் தேய்வது பெரும்பாலும் வேகஸ் பிரேக்கே. ஓய்விலும் நாடி விரைந்தோடும். எழுந்து நின்றால் தலை சுற்றும். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமற் போகக்கூடும். ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லியும், எழுந்து நிற்கச் சொல்லியும் நாடியின் மாற்றத்தை அளந்து இதனைக் கண்டுகொள்ளலாம் என்று 1970களில் எடின்பரோவில் ஈவிங் முதலியோர் முறை வகுத்தனர். பெரிய கருவி வேண்டியதில்லை. ஈ.சி.ஜி. தாளும், வரும் நோயாளியும் இருந்தால் போதும்.

நோயாளி வரவேண்டும் என்பதுதான் அரிது. ஷாகஸ் அக்காட்டுக்கு அனுப்பப்பட்டது மலேரியாவுக்காக. யாரும் முறையிடாத ஒரு நோயை அவர் கண்டது, முறையிடாதவர்களையும் சோதித்ததால். லஸ்ஸான்ஸில் அந்தப் பெட்டி மக்களைத் தேடிச் சென்று நின்றது. இங்கே மருத்துவமனை நம் குடியிருப்புக்கு அருகிலேயே இருக்கிறது. போவதற்குத்தான் நமக்கு நேரமில்லை.

ஆகவே இம்மலரைப் படிக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த முறை அந்த மெமோத் தாள் உங்கள் மேசைக்கு வரும்போது, "எனக்கென்ன நோயா நொடியா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதீர்கள். அன்றைக்கே போய் வாருங்கள். வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு மெமோ அனுப்ப எந்த அலுவலகமும் இல்லை. அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.