கோல் எழுதிய பெருக்கல்

நோட்டில் 761838257287 என்று எழுதி, கீழே 193707721 எழுதினேன். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இவ்வளவு நீளப் பெருக்கலைக் கையால் போட்டதில்லை. எட்டு வரிசை. பூஜ்யத்துக்கு வரிசை வேண்டாம். ஏழு மூன்று இடத்தில் வருவதால் 5332867801009-ஐ ஒருமுறை கண்டுபிடித்து, இடம் தள்ளி எழுதினால் போதும். கூட்டியதும் வந்தது 147573952589676412927.

அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் இது. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். 1876-இல் கணித அறிஞர் லூக்கா அதை மறுத்தார். ஒரு காரணியைக்கூடக் காட்டாமல், பகு எண்தான் என்று நிறுவினார்! எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

காரணிகளைக் காட்டியவர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில், நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில். வாய் திறக்காமல் கரும்பலகையில் ஒருபக்கம் இரண்டின் அடுக்கையும் மறுபக்கம் இந்தப் பெருக்கலையும் போட்டுவிட்டு உட்கார்ந்தாராம், அரங்கம் கைதட்டியதாம். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று அவர் சொன்னதாக எரிக் டெம்பிள் பெல் எழுதியிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு தேடியிருக்க முடியாது. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும். 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதியில்லாமல் 1445580.