நிலைக்குழாயும் நம் நிலையும்

ஒரு குடும்பத்தின் செல்வத்தை வீட்டின் முகப்பு காட்டும். ஒரு சமுதாயத்தின் நாகரிகத்தை அவ்வீட்டின் பின்புறத்துக் கழிவுக் குழாய் காட்டும். அக்குழாயின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். நம் முன்னோரின் உழைப்பும் உயிரும் அதில் கலந்துள்ளன.

ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே மொகஞ்சதாரோ மக்கள் குளியலறை நீரைச் செங்கல் வடிகால்களில் செலுத்தினர். அத்தகைய நாட்டில்தான் மனிதக் கழிவை மனிதன் சுமக்கும் கொடுமை பிறப்பின் பெயரால் நிலைபெற்றது. சென்னையின் பழைய தெருக்கள் சிலவற்றில் வீடுகளின் பின்னே குறுகிய சந்துகள் உண்டு. முன்வாசலில் நுழையக்கூடாது என்று விலக்கப்பட்டவர் வந்து, எடுப்புக் கக்கூசைத் துப்புரவு செய்து போவதற்கென விடப்பட்ட வழிகள் அவை.

1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பார் இங்கிலாந்தில் வளைகுழாய் அமைந்த கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் தேங்கும் சிறிதளவு நீரே சாக்கடை வாயு அறைக்குள் வராமல் தடுக்கும் பூட்டு. நாம் ‘ட்ராப்’ என்பது இதுவே. சென்னை நகர் முழுமைக்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ஐ ஒட்டி வகுக்கப்பட்டது. அப்பணியில் பெரும்பங்கு கொண்ட பொறியாளர் மேட்லியின் பெயரைத் தியாகராயநகர்ச் சாலையொன்று இன்றும் தாங்கி நிற்கிறது. 1961-இல் மக்கள்தொகை ஏறத்தாழ 6.6 லட்சமாகும் என்று கணித்துக் குழாய்கள் பதிக்கப்பட்டன. ஆனால் அவ்வாண்டின் கணக்கெடுப்பில் அது 17 லட்சத்தைத் தாண்டியது. சாக்கடை பொங்கியபோதெல்லாம் உள்ளே இறக்கப்பட்டவர் யாவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கோபாலபுரத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை அண்மையில் கண்டோம். மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழ்த்தளக் குளியலறையில் அழுக்கு நீர் கொப்புளித்தது. காரணம் எளிது. கீழ்த்தளக் குளியலறைக் குழாயை, மலநீர் நிலைக்குழாயின் அடிவளைவை ஒட்டி இணைத்திருந்தனர். மேலிருந்து விழும் நீர் அவ்வளைவில் வேகம் குறைந்து தேங்கி, அருகிலுள்ள வழியில் பின்னோக்கிப் பாய்கிறது.

முறையான இணைப்புக்குச் சில விதிகள் உள. கீழ்த்தளக் குழாயைத் தனியே சேம்பருக்குக் கொண்டு செல்க. மாடிக் குளியலறைக் குழாய் நிலைக்குழாயில் சேருமுன் ஆழ்ந்த நீர்ப்பூட்டுள்ள ட்ராப் அமைக்க. கிளைக்குழாய் சரிவாக வந்து சாய்வான இணைப்பில் சேர்க. கழிப்பறைக் கிளைக்கு நேர் எதிரே சேரலாகாது. நிலைக்குழாயின் தலைப்பு மொட்டைமாடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் விழும் நீர் காற்றை இழுத்து ட்ராப்பின் நீரை உறிஞ்சிவிடும். மழைநீரை ஒருபோதும் இதில் விடலாகாது.

இவை வெறும் கொத்தனார் நுணுக்கங்கள் அல்ல. தவறான இணைப்பால் அடைப்பு ஏற்படுகிறது; அடைப்பு நேர்ந்தால் மேன்ஹோல் திறக்கப்படுகிறது; உள்ளே நச்சுவாயு காத்திருக்கிறது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கக்கூசைத் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எனினும் போன உயிரைப் பணம் மீட்டுத் தருமோ?

கழிவை அள்ளும் வேலையை நம் தலையில் சுமத்தியவர்கள், கழிவுநீர் செல்லும் வழியை வகுக்கும் கல்வியை நமக்கு மறுத்தனர். இன்று தொழிற்பயிற்சி நிலையங்களின் கதவுகள் திறந்துள்ளன. இளைஞர்களே! குழாய்த் தொழிலைக் கற்பீர்; பொறியியலும் பயில்வீர்; வரைபடம் போடும் கையாக உங்கள் கை மாறட்டும். நம் சங்கம் 25 ஆண்டுகளாக ஏந்திய கல்வி விளக்கின் ஒளி, எந்தத் தாயின் மகனும் சாக்கடைக் குழிக்குள் இறங்காத நாளை நமக்குக் காட்டுவதாகுக!