சலுகை எனும் சங்கிலி

ஆங்கிலத்தில் 24 சொற்கள். ஆண், பெண் என்ற காரணங்காட்டி எவருடைய சம உரிமையையும் மத்திய அரசோ மாநில அரசோ மறுத்தலும் குறைத்தலும் கூடாது - அமெரிக்கச் சம உரிமைத் திருத்தம் கேட்டது இவ்வளவே. 1920-ல் வாக்குரிமை பெற்ற பெண்கள், 1923-லேயே இதைக் காங்கிரசின் முன் வைத்தனர்; அரை நூற்றாண்டு காத்திருந்தனர்! 1972 மார்ச் 22-ல் செனட் சபை 84-க்கு 8 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. இனி 50 மாநிலங்களில் 38 இசைந்தால் போதும். ஓராண்டில் 30 இசைந்தன. வெற்றி வாயிற்படியில் நின்றது.

வழி மறித்தது யார்? மீசை முறுக்கிய ஆடவர் கூட்டமா? அன்று, ஒரு பெண்மணி! இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டன் நகரில் வாழ்ந்த பிலிஸ் ஷ்லாஃப்லி. ஆறு பிள்ளைகளின் தாய், முதுகலைப் பட்டதாரி, காங்கிரஸ் தேர்தலில் இருமுறை நின்று தோற்றவர். 1972-ல் 'ஸ்டாப்' என்ற இயக்கத்தையும், 1975-ல் 'ஈகிள் ஃபோரம்' என்ற இலாபம் கருதாப் பழமைவாத அமைப்பையும் தொடங்கினார். 'ஸ்டாப்' என்ற பெயரின் எழுத்துகளை விரித்தால், 'எங்கள் சலுகைகளைப் பறிப்பதை நிறுத்துங்கள்' என்று பொருள்.

சலுகை! இச்சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கணவன் சோறு போடுவது சலுகையாம். போர்க்களத்துக்கு அனுப்பாதிருப்பது சலுகையாம். வியட்நாம் போருக்கு இளைஞரைக் கட்டாயமாகத் திரட்டிய காலம் அது. 'உன் மகளையும் அழைத்துச் செல்வர்' என்றதும் தாய் நெஞ்சம் பதறாதா? அந்த வாதம் வெறும் புளுகுமன்று. கட்டாயப் படைச்சேவை பெண்ணுக்கும் வரலாம் என்பதைத் திருத்தத்தின் ஆதரவாளர் பலரே ஒப்பினர். ஆதலால்தான் அந்த அம்பு தைத்தது. ஆனால் கைவிடப்பட்ட மனைவிக்கு அந்தச் சலுகை எத்தனை நாள் சோறு போட்டது? கொடுத்தவன் நிறுத்தினால் நின்றுபோவதற்குப் பெயர்தானே சலுகை!

'என்னை வர அனுமதித்த கணவருக்கு நன்றி' என்று மேடையில் பேச்சைத் தொடங்குவார் அம்மையார், எதிரிகள் எரிச்சலுறட்டும் என்றே. இல்லறமே பெண்ணுக்குப் பெருமை என்று நாடெங்கும் சுற்றி முழங்கியவர், 1978-ல் சட்டப் பட்டமும் பெற்றார்! நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம், ஆயின் அவரது அமைப்புத் திறன் நகைப்புக்குரியதன்று. கத்தோலிக்கர், சுவிசேஷ சபையார், மார்மன்கள் - ஒருவர் கோயில் வாசலை மற்றவர் மிதியாதவர் - அவர்களை ஓரணியில் நிறுத்தினார். அதுவரை அரசியல் வாடையே அறியாத இல்லத்தரசிகள், வீட்டில் சுட்ட ரொட்டியை ஏந்திச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிச் சென்றனர்.

1977-ல் 35-ஆம் மாநிலம் இசைந்தது. அத்தோடு தேர் நின்றது. தந்த இசைவையே திரும்பப் பெற்ற மாநிலங்களும் உண்டு. 1979-ல் முடியவிருந்த கெடுவைக் காங்கிரஸ் 1982 ஜூன் 30 வரை நீட்டியது. அவ்வாண்டு இல்லினாய் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில், திருத்தம் கோரிப் பெண்கள் சிலர் 37 நாள் உண்ணாநோன்பிருந்தனர். ரொட்டி ஊட்டப்பட்ட மன்றத்தின் எதிரே பட்டினி! பெரும்பான்மை கிடைத்தும் பயனில்லை. ஐந்தில் மூன்று பங்கு வேண்டும் என்றது அம்மன்றத்தின் விதி.

அம்மையார் 2016-ல் மறைந்தார். 2018-ல் அதே இல்லினாய் இசைவளித்தது. 2020-ல் வர்ஜீனியா 38-ஆவதாக வந்தது. கெடு கடந்தது என்று கூறி, அந்த 24 சொற்களையும் அரசியல் சட்டத்தில் ஏற்றாமலே வைத்திருக்கின்றனர்.