மண்டபம் விசைப்படகுகளும் பழைய எஞ்சின் பிளாக் பரிசோதனையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் வடக்கே பாக் விரிகுடாவையும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் கொண்ட கடற்கரை ஊர் மண்டபம். பாய்மர வள்ளங்கள் ஓடிய இக்கடலில் டீசல் எஞ்சின் பரவியது விடுதலைக்குப் பின்னர்தான். 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவை செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், 1960-களில் மண்டபத்துக்கும் விரிந்தது.

தொடக்கக்காலப் படகு எஞ்சின்கள் கடலுக்கென்றே செய்யப்பட்டவை. பின்னர் லாரி, பேருந்து எஞ்சின்களும் படகேறின. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் எஞ்சின்கள் தமிழகத்து இழுவைப் படகுகளில் பரவலாயின. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், லாரி மெக்கானிக்கே பழுது பார்த்துவிடுவார் என்பதே காரணம். பழைய பிளாக் வாங்கும் வழக்கமும் இதனோடு சேர்ந்து வந்தது. கழித்துக்கட்டிய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகள் ஏற்கெனவே இருந்தன.

சாலையில் ஓடிய பிளாக்கையும் கடலில் ஓடிய பிளாக்கையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. லாரியில் ரேடியேட்டரின் நன்னீர் எஞ்சினைக் குளிர்விக்கிறது. சில படகுகளில் கடல்நீரே நேராகப் பிளாக்கின் நீரறைக்குள் செல்கிறது. வார்ப்பிரும்பில் இரும்போடு கிராஃபைட் இழைகளும் கலந்திருக்கின்றன. உப்புநீர் இரும்பை மட்டும் கரைத்துவிட்டு கிராஃபைட்டை விட்டுவிடும். அதனால் பிளாக்கின் வடிவம் குலையாது, அளவும் குறையாது. பெயின்ட் அடித்துவிட்டால் புதிது போலவே நிற்கும். ஆனால் நீரறையின் உட்சுவரைக் கத்தி முனையால் சுரண்டினால் பென்சில் கரி போல உதிரும். சுத்தியலால் தட்டினால் கணீரென்ற ஒலி வராது. இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதில் பயனில்லை.

விரிசல் பார்க்கும் முறைக்கு இரயில்வேப் பட்டறைகளில் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கு அச்சுகளில் எண்ணெய் பூசித் துடைத்து, வெள்ளைச் சுண்ணப்பொடி தூவுவார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து பொடியில் கோடாகத் தெரியும். 1920-களில் அமெரிக்கரான வில்லியம் ஹோக், காந்தமேற்றிய இரும்பில் இரும்புத்துகள் விரிசலின் மேல் திரள்வதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த காந்தத்துகள் சோதனை பெரிய ஆலைகளில் பழைய முறையின் இடத்தைப் பிடித்தது. கையில் மண்ணெண்ணெயும் சாக்பொடியும் மட்டும் உள்ள சிறு பட்டறைக்குப் பழைய முறையே போதும். சிலிண்டர்களுக்கு இடையிலான குறுகிய சுவர், ஹெட் போல்ட் துளைகளின் விளிம்பு, கிராங்க் பேரிங் தாங்கிகள் ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். ஹெட் அமரும் பரப்பில் நேர்ச்சட்டம் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். எஞ்சின் எண் ராவியோ மாற்றிப் பொறித்தோ இருந்தால் அந்தப் பிளாக்கை வாங்காமல் இருப்பதே நல்லது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகள் கரையேறி எஞ்சின் பிரிக்கப்படும் காலம் அது. அப்போது கண்ணில் படாத விரிசல் நடுக்கடலில் வாய் திறக்கும். 1974 ஒப்பந்தம் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை இக்கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. எஞ்சின் நின்ற படகு காற்றோடும் நீரோட்டத்தோடும் அக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஆட்கள் கைதாவதும் படகு பறிபோவதும் நேர்கின்றன.