பெயர் தைக்காத போர்வைகள்

நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, அதிபர்களையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றி எழுதப் பலர் இருப்பார்கள் என்று எண்ணினேன். ஆகவே தையல் அறையைப் பற்றி எழுதுகிறேன். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து, மேலே மிஞ்சிய துணித்துண்டுகளைப் பொருத்தி, நெருக்கமாக நூலோடினால் பிள்ளைக்கு ஒரு போர்வை. நம்மில் பலர் அப்படித்தான் ஊசி பிடிக்கப் பழகினோம்.

சிங்கர் தையல் மெஷின் இலங்கைக்கு வந்தது 1877இல். பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தது நல்ல குடும்பப் பெண்ணாக்குவதற்கே. அதே ஊசி ஊருக்கும் உதவும் என்பதைத் துன்பக் காலங்களே காட்டின. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அதன் பின்னரே, 1936இல், செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளை இங்கு தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கனேடியப் பெண்கள் ஒட்டுப் போர்வைகள் தைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்களும், எதெல் மல்வனி என்ற கனேடியப் பெண்ணின் யோசனைப்படி, போர்வை தைத்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் சதுரத் துண்டில் தன் பெயரைத் தைத்தாள். அது வைத்தியசாலைக்குப் போனால், தான் உயிரோடிருப்பதைக் கணவன் அறிவான் என்பது நம்பிக்கை.

போர்வை எல்லா இடத்திலும் அன்பளிப்பாக இருந்ததில்லை. மலையகத் தோட்டங்களில் அந்நாளில் தொழிலாளருக்குக் கம்பளி கொடுத்தார்கள். விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள்.

நம் நகரத்துக்கும் போர்வை தேவைப்பட்ட நாட்கள் பல. 1947 ஆகஸ்டில் களனி கங்கை பெருகி வடகொழும்பின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. 1983 யூலை 24 இரவு தொடங்கிய வன்செயலில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. பின்னர் 'லங்கா கல்யாணி' போன்ற கப்பல்களில் மக்கள் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த முகாம்களில் ஒன்றில் மூன்று வயதுப் பிள்ளையாக நானும் இருந்தேன். எனக்கு நினைவில்லை, அம்மா சொன்னதுதான். சீமெந்துத் தரையில் படுத்திருந்த எனக்கு யாரோ ஒரு போர்வை தந்தார்களாம். பச்சைச் சேலைத் துணி, நடுவே பாடசாலைச் சீருடையின் வெள்ளைத் துண்டு. தைத்தவர் பெயர் அதில் இல்லை. உடுத்த உடையோடு வந்த குடும்பத்துக்குச் சொந்தமென்று சொல்ல முதலில் கிடைத்த பொருள் அதுதான். பல வருடங்கள் கழித்துத் தையல் வகுப்பில் அதே வகை நூலோட்டத்தை நான் பழகினேன்.

இன்றும் தைக்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வைத்தியராகச் சில வார்த்தைகள். கொழும்பின் வெக்கையிலும், பிறந்த சிசு ஈரத்தோடு இருந்தால் விரைவில் குளிர்ந்துவிடும். அதன் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். முதலில் துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, அதன் மேல் துணியால் மூட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உறங்கும்போது தளர்வான போர்வை வேண்டாம். முகத்தை மூடி மூச்சை அடைக்கலாம். துவைத்துப் பழகிய பருத்தியே நல்லது. பொத்தான், நாடா கூடாது. எல்லாவற்றுக்கும் முன், என்ன தேவை என்று கொட்டாஞ்சேனைத் தாயிடமோ வார்ட்டுத் தாதியிடமோ கேளுங்கள். கேட்காமல் கொடுப்பது நம் திருப்திக்காகக் கொடுப்பது.

நன்கொடைத் தொகைகள் கணக்குப் புத்தகங்களில் இருக்கும். ஊசி பிடித்த கைகளுக்கு அப்படிப் பதிவு இருப்பதில்லை. 1983இல் நீங்கள் இருந்த இடத்தில் போர்வை தைத்திருந்தால், ரொறன்ரோவிலோ சிட்னியிலோ எங்கிருந்தாலும் சங்கத்துக்கு எழுதுங்கள். பெற்றுக்கொண்டவர்களும் எழுதுங்கள், அதுவும் நம் வரலாறுதான். என் போர்வை அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவருவேன். தன் தையலை யாராவது அடையாளம் கண்டால், நாற்பது வருடத்து நன்றியை நேரில் சொல்லக் காத்திருக்கிறேன்.