அமெரிக்கன் மாவும் ஒசாக்கா வரிசையும்

ஜப்பானில் பணிபுரியும் என் மருமகன் சென்ற வைகாசியில் செட்டிபாளையம் வந்தபோது மூன்று ராமென் பொட்டலங்களைக் கொண்டுவந்தான். சப்போரோவினது, புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவின் சுவை. கித்தக்கத்தாவினது, சோயாச் சாற்றின் சுவை. ஹக்காத்தாவினது, பன்றி எலும்பை நெடுநேரம் அவித்தெடுத்த வெண்சாறு. கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்திருந்த காலமாதலால், குளிர்த்தி முடியும்வரை அவை அலுமாரியிலேயே காத்திருந்தன.

அவித்துப் பரிமாறியபோது சின்னம்மா கேட்டார்: "இதென்ன மனே, இடியப்பத்தைச் சொதிக்குள்ள ஊறப்போட்ட மாதிரி இருக்கு?"

அக்கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் அரிசித் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை மா வந்திறங்கியது. பாண் உண்ணுமாறு அரசு ஊக்குவித்தது. ஒசாக்காவில் ஒரு கோப்பை ராமெனுக்காகக் குளிரில் நீண்டு நின்ற வரிசையைக் கண்டவர் மொமொஃபுக்கு அன்டோ. 1910இல் தைவானில் பிறந்தவர். மக்களுக்குப் பழக்கமான நூடுல்ஸையே அம்மாவில் ஏன் செய்யக்கூடாது என்பது அவர் எண்ணம். பின்னாளில் தொழிலில் நொடித்துப்போன அவர், இக்கேடா நகரில் தம் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் சோதனைகள் செய்தார். நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் நீர் வெளியேறி நுண்துளைகள் எஞ்சும். சுடுநீர் ஊற்றினால் அவை மீண்டும் நீரை உறிஞ்சும். 1958 ஆகஸ்ட் 25இல் அவரது 'சிக்கன் ராமென்' சந்தைக்கு வந்தது. அன்டோ 2007இல் காலமானார்.

நம் கதையும் ஏறக்குறைய அதுவே. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இலங்கைக்கு அரிசி வரத்து நின்றது. கூப்பனில் கோதுமை மா வந்தது. அமெரிக்கன் மா என்றே நம்மவர் அதனை அழைத்தனர். 1970களின் பஞ்சத்தில், விடியுமுன் எழுந்து பாண் வரிசையில் நின்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் மாவுக்கு அத்தகைய முடை இருக்கவில்லை.

ஆனால் அந்த அந்நிய மா நம் வீட்டு உணவானது ஆலையால் அன்று. பச்சையாகப் பிசைந்தால் பசைபோல் ஒட்டி, உரலில் பிழிய வராத மாவைத் துணியில் கட்டி, ஆவியில் அவித்து, அரித்து, இடியப்பமும் பிட்டுமாக்கினர் நம் பெண்கள். அன்டோவுக்கு ஒசாக்காவில் அருங்காட்சியகம் இருக்கிறது. இவர்களின் பெயர்களை எவரும் குறித்துவைக்கவில்லை. நெடுங்காலம் செய்தி எழுதிய நானுந்தான்.

மறுநாட் காலை சின்னம்மா அவித்த மாவில் இடியப்பம் பிழிந்தார். யாரிடம் கற்றீர்கள் என்று முதன்முறையாகக் கேட்டேன்.

"அம்மாட்டத்தான். கூப்பன் காலத்துல."

குறித்துக்கொண்டேன்.