விழியும் உதிரமும்

திருவள்ளூருக்கு வடக்கே ஆந்திர எல்லையைக் கடந்தால் காளத்தி. அங்கு இறைவன் கண்ணில் வழிந்த உதிரத்தை நிறுத்தக் கண்ணப்பர் பச்சிலை பிழிந்தார், நிற்கவில்லை, தம் கண்ணையே இடந்து அப்பினார் என்கிறது பெரியபுராணம். அது பக்தியின் கதை. கண்ணை அகற்றிய குழியில் பெருகும் உதிரத்தை மனிதர் நிறுத்தக் கற்றது வேறொரு கதை.

நெடுங்காலம் அவர்கள் கற்கவில்லை. ஜெர்மானிய வைத்தியர் பார்ட்டிஷ் 1583-இல் எழுதிய நூலில் உள்ள முறை கொடியது. விழியின் ஊடே நூல் கோத்து, முன்னே இழுத்து, சுற்றியுள்ள தசையோடு கத்தியால் அறுத்தெடுப்பர். மயக்க மருந்தோ அந்நாளில் இல்லை.

மாற்றம் உடற்கூற்று அறிவினால் வந்தது. விழிக்கோளம் மெல்லிய உறையொன்றினுள் அமர்ந்திருப்பதைப் பிரான்சு நாட்டுத் தெனோன் 1806-இல் விவரித்தார். 1841-இல் லியோன் நகரத்துப் பொன்னேயும் டப்ளின் நகரத்து ஓ'ஃபெரலும், ஒருவரையொருவர் சாராமலே, அவ்வுறைக்குள்ளிருந்து விழியை மட்டும் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். நுங்கை அதன் குழியிலிருந்து கோதி எடுப்பது போல என்று மாணவர்க்கு நான் சொல்வதுண்டு. விழியை அசைக்கும் ஆறு தசைகளும் அவை ஒட்டுமிடத்திலேயே வெட்டப்படுகின்றன. பார்வை நரம்பு கடைசியில். உதிரம் பெரிதும் அந்நரம்பை ஒட்டிய நாளங்களிலிருந்தே வருகிறது. உடனே குழியில் துணிச்சுருளை வைத்துச் சில நிமிடங்கள் விடாது அழுத்துவர். பெரும்பாலும் அதுவே போதும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுதான் தவறு. அடங்காத நாளத்தை மின்சூட்டால் அடைப்பர். பின்னர் மேலே அழுத்தமான கட்டு.

சென்னையில் 1819-இலேயே கண் மருத்துவமனை தோன்றியது. இன்று எழும்பூரில் இருப்பது அதுவே. கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் போன்ற இடங்களில் இரும்புத் துணுக்கு பாய்ந்து கண் சிதைவதுண்டு. தைத்துக் காக்க இயலுமானால் முதலில் காக்கவே முயல்வர். பார்வை மீளாதபடி சிதைந்த கண்ணோ, அரிதாக, நல்ல கண்ணிலும் அழற்சியை மூட்டிவிடும். ஆகவே அதனை இரு வாரங்களுக்குள் அகற்றிவிடுவது பழைய வழக்கம். இங்கேதான் உதிரத்துக்கு அஞ்சிச் சிலர் நாள் கடத்துகின்றனர். அதற்குள் மற்றக் கண்ணும் போகக்கூடும்.

அஞ்சுவதற்கு உரிய குறிகளும் உண்டு. கட்டு மேலும் மேலும் நனைந்தாலும், இமை கல்லாக வீங்கி வலி ஏறினாலும் வைத்தியரை உடனே அழைக்க வேண்டும். ஆஸ்பிரின் முதலிய, உதிரம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர் அதனை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவராகவே நிறுத்திவிடுதலும் ஆகாது.